அங்கே கைதட்டக் கூடாதாம்

அந்த பேக்க மட்டும் மிதிச்சுராதீங்க தம்பி. நீங்க மிதிச்சீங்கன்னு சொல்லல. இந்த வளைவுல பஸ் திரும்பினா கீழ வச்சதெல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும், அதுக்குச் சொன்னேன். உள்ள பொன்னாடை இருக்கு. கண்ணாடிப் பேப்பர் சுத்தி வாங்கினது. கசங்கிருச்சுன்னா போர்த்துறப்போ மரியாதையா இருக்காது.

கொழும்புக்குத்தானே? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச ஆள் கெடைச்சுது. முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல, பச்சச் சேல கட்டி ஒரு புள்ள கைக்கொழந்தையோட ஒக்காந்திருக்கில்ல? என் மகதான். புவனேஸ். பக்கத்துல எடம் இருந்திச்சு. நான் ஏறி வர்றதுக்குள்ள அதுல துணிப்பையத் தூக்கி வச்சுட்டா. சரின்னு நானும் பின்னால வந்துட்டேன். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. என்னோட கதைக்கிறதில்ல, அவ்வளவுதான்.

எம் பேரு காத்தமுத்து. ஹட்டன் பக்கம் எறங்கி, தலைவர் காத்தமுத்து வீடு எதுன்னு கேட்டீங்கன்னா, லயத்து வரிச வீட்டு வாசல்ல வெளயாடுற புள்ளகூட கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வரும். தேயிலத் தோட்டத்துச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். மாமன் மச்சான் சண்டையிலருந்து தொரைகிட்ட லீவு கேக்குற வரைக்கும் எங்கிட்டதான் வரும். எலெக்ஷன் வந்தா இன்னும் விசேஷம். எங்க தோட்டம் ஒரே கையா ஓட்டுப் போடும் தம்பி. கூடைச் சின்னம்னா கூடைச் சின்னம்தான். எங்க பொம்பளைங்க தெனம் முதுகுல சொமக்குற கூடை, அதையே சின்னமா வச்சிருக்காரு அருள்வேல் ஐயா. எம்பி ஐயா. சும்மா சொல்லக் கூடாது, மூளைக்காரரு.

ஆனா ஓட்டுச் சீட்டுல சின்னத்துக்கு மட்டும் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டாப் பத்தாதே. கீழ ஆளோட நம்பர்லயும் ஒரு புள்ளடி போடணும். அதுல விட்டுட்டா கட்சிக்கு எடம் கெடைக்கும், நம்மாளு வீட்டுல இருப்பாரு. அதனால நம்பரச் சொல்லிக் குடுக்குறது எம் பொறுப்பு. போன தடவ ஐயாவுக்கு எட்டு. கொழுந்து நிறுக்குற எடத்துல போயி நின்னுக்குவேன். ஒவ்வொரு பொம்பளையும் கூடைய எறக்கினவொடன, “நம்பர் என்ன?”ன்னு கேப்பேன். “எட்டு, தலைவரே”ன்னு சொன்னாத்தான் தராசுல ஏத்தவே விடுவேன். சிரிப்பாளுக. வெளயாட்டா இருந்தாலும் பதிஞ்சிரும் பாருங்க. வாசிக்கத் தெரியாத கெழவிக்குக்கூடத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டா எட்டு வரும்.

அப்படிக் கொண்டுபோய் ஒக்கார வச்ச ஆளு தம்பி அவரு. அதச் சொல்லத்தான் வந்தேன்.

எதிர்க்கட்சிக்கு எதுக்கு ஓட்டுப் போடுறோம், சொல்லுங்க. எதிர்க்கிறதுக்குத்தானே? ஆளுங்கட்சிக்காரன் சண்ட போடுறான். சரி, அது அவன் எண்ணம். அவனுக்கு நாங்க போடல. வடக்குல எங்கயோ குண்டு விழுகுது, இங்க மாவு வெல ஏறுது, எங்க புள்ளைங்க கொழும்புல கடைகண்ணிக்கு வேலைக்குப் போனா ஐடென்டி கார்ட வாங்கிப் பாத்துட்டு, பேரு தமிழா இருந்தா வண்டியில ஏத்துறான். யாருக்கு வேணும் இந்தச் சண்ட? எங்க லயத்துல ஒருத்தன் வேணும்னு சொல்லட்டும் பாப்போம். சிங்கள நாட்டுப்பொறத்துலயும் சவப்பெட்டி வராத ஊரு இல்ல. எங்க கணக்கப்புள்ள ஐயா சிங்களவருதான், அவரு தம்பி மகனும் பெட்டியிலதான் வந்தான். தெறக்கக்கூட விடல. அவரே எங்கிட்டச் சொன்னாரு, காத்தமுத்து, இது நாசமாப் போற வேலன்னு. அப்போ யாருக்குத்தான் வேணும் இது?

எம் மருமகன், புவனேஸ் புருசன், பேரு லோகநாதன். லோகுன்னாத்தான் தெரியும். கொழும்புப் புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில வேலைக்கு நின்னான். நல்ல பையன், நான் பாத்துக் குடுத்த மாப்பிள்ளதான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அவன் தங்கியிருந்த ரூம்ல யாழ்ப்பாணத்துப் பையன் ஒருத்தன் இருந்திருக்கான். அந்தப் பையனத் தேடி வந்தாங்க. அவன் இல்ல. ரூம்ல இருந்த இவனக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான் தம்பி கத. வழக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவசரகாலச் சட்டமாம். அது இருக்குற வரைக்கும் கேள்வி கேக்காமயே வச்சுக்கலாமாம். அவன் போறப்போ புவனேசுக்கு வயித்துல அஞ்சு மாசம். அந்தக் கொழந்ததான் இப்ப மடியில இருக்குறது. நடக்க ஆரம்பிச்சிருச்சு.

நான் சும்மா இருப்பேனா? நேரா அருள்வேல் ஐயாகிட்டப் போனேன். தோள்ல கையப் போட்டாரு. “காத்தமுத்து, ஒன் மருமகன் எனக்கும் மருமகன்தான்யா”ன்னாரு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. அப்புறம் சொன்னாரு, “நான் எதிர்க்கட்சியில இருக்கேன். என் பேச்ச எவன் கேக்குறான்? இருந்தாலும் பாக்குறேன்.” வெளிய வர்றப்போ அவரே கூப்புட்டு, “தலைவருமாரெல்லாம் ஒரு தடவ பார்லிமென்ட் பாக்க வாங்களேன், நான் பாஸ் எடுத்துத் தர்றேன்”னாரு. கேட்டீங்களா? பார்லிமென்டுக்கு. எங்கள.

போனோம் தம்பி. எட்டுத் தோட்டத்துத் தலைவருமாரு, ஒரு வேன்ல. எல்லாரும் வேட்டி சட்ட. வாசல்ல செருப்ப மட்டும்தான் கழட்டச் சொல்லல, மத்ததெல்லாம் தடவிப் பாத்துட்டாங்க. வெத்தல டப்பாவ வாங்கி வச்சுக்கிட்டாங்க. மேல கலரின்னு ஒண்ணு இருக்கு, நம்மள மாதிரி ஆளுக ஒக்காந்து பாக்குறதுக்கு. கம்பளம் விரிச்சு, ஏசி போட்டு, என்னா குளிரு! நுவரெலியாவுல பொறந்தவன் குளிருதுன்னு சொன்னான்னா பாத்துக்கங்க. வெள்ள உடுப்புப் போட்ட ஒரு காவல்காரரு வந்து சிங்களத்துல சொன்னாரு. பேசக் கூடாது, தூங்கக் கூடாது, கம்பியில சாயக் கூடாது. கடைசியில என்னமோ கையக் காட்டிச் சொன்னாரு, நான் சரி சேர்னு தலையாட்டிட்டேன்.

கீழ ஐயா ஒக்காந்திருந்தாரு. மேலருந்து பாத்தா வழுக்கதான் தெரிஞ்சிச்சு. ஆனா எனக்குத் தெரியாதா ஐயாவோட வழுக்க? “அந்தா, அந்தா”ன்னு எல்லாருக்கும் காட்டினேன். யாரு யாரோ எந்திரிச்சுப் பேசுறாங்க, மேசையில தட்டுறாங்க. நம்மாளு எந்திரிக்கவே இல்ல. பேனாவ மூடுறாரு, தெறக்குறாரு. பக்கத்துல மேல் தோட்டத்துத் தலைவர் பெரியண்ணன் ஒக்காந்திருந்தான், அவனுக்கு என்னக் கண்டாலே ஆகாது. “ஒங்க ஆளு வாயத் தெறப்பாரா, இல்ல ஏசிக்கு வந்திருக்காரா?”ங்குறான். எனக்கு எப்படி இருக்கும்? சாமி, ஒரு வார்த்தையாவது பேச வையின்னு வேண்டிக்கிட்டேன்.

அப்பத்தான் ஒரு மணி அடிச்சிச்சு. நீளமா, ஸ்கூல் மணி மாதிரி. வெளிய நின்னவங்கெல்லாம் உள்ள ஓடி வந்தாங்க. ஒருத்தரு ஒவ்வொரு பேராக் கூப்புட ஆரம்பிச்சாரு. கூப்புட்ட ஆளு எந்திரிச்சு ஒத்த வார்த்த சொல்லிட்டு ஒக்காந்துர்றாரு. ஐயா பேரு வந்திச்சு. எந்திரிச்சாரு தம்பி. கோட்ட இழுத்து விட்டுக்கிட்டு, நெஞ்ச நிமித்தி, எல்லாரும் கேக்குற மாதிரி அந்த ஒத்த வார்த்தையச் சொன்னாரு. சிங்களத்துலதான். என்னா கம்பீரம்! எங்க ஆளு, எங்க கூடைச் சின்னம், எங்க பொம்பளைங்க போட்ட எட்டு, அம்புட்டுப் பெரிய சபையில எந்திரிச்சு நிக்குது. என்னால பொறுக்க முடியல. கையத் தட்டிட்டேன். நான் தட்டினதும் எட்டுத் தோட்டமும் தட்டிருச்சு. பெரியண்ணன்கூடத் தட்டினான்!

சபையே மேல திரும்பிப் பாத்திச்சு. காவல்காரரு ஓடி வந்தாரு, ரெண்டு பேரு வந்தாங்க, சட்டக் கையப் புடிச்சு எழுப்பி வெளிய கொண்டுவந்து விட்டுட்டாங்க. அங்க கைதட்டக் கூடாதாம். அதத்தான் அவரு கையக் காட்டிச் சொல்லியிருக்காரு. எனக்கு வெக்கமா இல்ல தம்பி, பெருமையா இருந்திச்சு. அப்புறம் ஐயா எங்களத் தேடி வந்தாரு. கேன்டீன்ல சோறு வாங்கிக் குடுத்தாரு. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு, “என்னய்யா, என் மானத்த வாங்கிட்டீங்களே”ன்னு. வட்டிலப்பம் திங்கிறப்போ லோகு விசயத்த மறுபடி ஞாபகப்படுத்தினேன். “மறப்பேனா?”ன்னாரு.

தோட்டத்துக்கு வந்து எத்தன தடவ சொல்லியிருப்பேன்னு தெரியாது. கோயில்ல சொன்னேன், கடையில சொன்னேன். புவனேஸ் அடுப்புக்கிட்ட ஒக்காந்திருக்கும்போது எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டினேன், ஐயா இப்படி கோட்ட இழுத்தாரு, நான் இப்படித் தட்டினேன்னு. கொழந்த அப்பத்தான் ஒக்காரப் பழகுது. அதுக்கும் தட்டச் சொல்லிக் குடுத்தேன். “எம்பி ஐயா வந்தாச்சு”ன்னு சொன்னாப் போதும், ரெண்டு கையையும் சேத்துச் சேத்துத் தட்டும். லயமே சிரிக்கும். புவனேசும் சிரிச்சா. அப்போ சிரிச்சா.

அதுக்கு அடுத்த மாசம் கொழும்புல லோயர் அம்மாவப் பாக்கப் போனோம். லோகு மாதிரி ஆளுகளுக்காகக் காசு வாங்காமக் கோர்ட்டுல பேசுற அம்மா. நல்ல அம்மா, தமிழ்தான், ஆனா சிரிக்காது. புவனேஸ் கேட்டா, “எப்பம்மா விடுவாங்க?” அந்த அம்மா சொன்னிச்சு, “சட்டம் மாசா மாசம் முடிஞ்சிரும் தங்கச்சி. மாசா மாசம் பார்லிமென்ட்ல ஓட்டெடுத்து நீட்டிக்கிறாங்க. நீட்டிக்காட்டி, இவங்கள வச்சிருக்க ஏலாது.” புவனேஸ் நல்ல கெட்டிக்காரி, ஓஎல் வரைக்கும் படிச்சவ. “யாரு நீட்டிக்கிறது?”ன்னா. “ஆளுங்கட்சி. அவங்களோட எதிர்க்கட்சியிலயும் நெறைய பேரு. ஒங்க கூடைச் சின்னத்து எம்பியும்தான். போன மாசமும் ஆதரிச்சாரே. பேரு கூப்புட்டு எடுத்தாங்க.” புவனேஸ் கேட்டா, “எந்த நாள் அம்மா?” அந்த அம்மா சொன்னிச்சு.

நாங்க கலரிக்குப் போன நாளு.

எனக்கு எப்படித் தெரியும் தம்பி? சிங்களத்துல ஒத்த வார்த்த. மேலருந்து கேக்குது. ஆமான்னு சொன்னாரா இல்லன்னு சொன்னாரான்னு எனக்கு என்ன தெரியும்? எதிர்க்கட்சி ஆளு எந்திரிச்சா எதிர்க்கத்தானே எந்திரிப்பாருன்னு நெனைக்கிறோம். நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பீங்க?

திரும்பி வர்றப்போ இந்த மாதிரித்தான் பஸ். அப்போ பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா. கித்துல்கலை வரைக்கும் ஆத்தப் பாத்துக்கிட்டே வந்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா, “அப்பா, மொதல்ல தட்டினது நீங்கதானே?” கோவமாக்கூடக் கேக்கல. நான் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன்.

ஆனா நான் விடல தம்பி. நேரா போயி ஐயாகிட்டக் கேட்டேன். கேட்டேன்தான். “ஐயா, லோகு உள்ள இருக்குற சட்டத்துக்கு நீங்க ஓட்டுப் போட்டீங்களாமே?” அவரு கொஞ்சமும் அசரல. கதிரையில ஒக்கார வச்சாரு. “காத்தமுத்து, நான் எதிர்த்துப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாளைக்கே பேப்பர்ல மலைநாட்டுச் சனம் பூரா புலின்னு எழுதுவான். அப்புறம் ஒரு லோகுவா உள்ள போவான்? லயம் லயமா அள்ளிக்கிட்டுப் போவான். ஒங்களக் காப்பாத்தத்தான்யா நான் கைய தூக்குறேன். அந்த வேதன எனக்குத்தான் தெரியும்.” சொல்லிட்டு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “அதுவும் சரிதான் ஐயா”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவரு முன்னால நிக்கிறப்போ எனக்குக் கோவமே வராது. வெளிய வந்து செருப்பு மாட்டுன பெறகுதான் வரும். பஸ் ஸ்டேண்டு வரைக்கும் வாய்க்குள்ளயே திட்டிக்கிட்டு வந்தேன். லயம் லயமா அள்ளிக்கிட்டுப் போறதுக்கும் அந்தச் சட்டம்தானேய்யா வேணும்? அதையும் சேத்துத்தானே நீட்டிக்குற? எங்க சனத்தக் காப்பாத்துறேன்னு எங்க சனத்தோட ஓட்டையே எங்க புள்ளைக்கு வெலங்காப் போட்டா, அப்புறம் எதிரின்னு ஒருத்தன் எதுக்கு? இப்படியெல்லாம் நெனச்சேன். சொல்லியிருக்கலாம். மறுபடி போயி சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்க. தலைவருக்கும் எம்பிக்கும் ஒரு மரியாத இருக்கில்ல.

அப்பத்தான் எலெக்ஷன் வந்திச்சு.

யாருக்குப் போடுறது? ஆளுங்கட்சிக்குப் போடேலாது, சண்ட போடுறவனே அவன். பெரிய எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கே, அதுக்குப் போடலாம்னா, அவங்க தலைவரு டிவியில வந்து சொல்றாரு, “இவங்களுக்குச் சண்ட நடத்தத் தெரியல, நாங்க வந்தா இதவிட வேகமா முடிப்போம்.” ரெண்டு பேருக்கும் சண்ட வேணுமா வேண்டாமாங்குறது இல்ல பிரச்சின, யாரு நல்லா நடத்துவாங்கங்குறதுதான். அதுக்கப்புறம் இருக்குறது நம்ம கூடைச் சின்னம். அது கைய தூக்கிட்டு அழுகுது. இவ்வளவுதான் கடையில சரக்கு தம்பி. இருக்குறதுல ஒண்ண வாங்கித்தான் ஆகணும். நம்மாளு, நம்ம மொழி, கூப்புட்டா வீட்டுக்குள்ள விடுறாரு. அந்த ஒண்ணுக்காகத்தான் நான் மறுபடியும் கூடைய எடுத்தேன்.

ஐயா தோட்டத்துக்குக் கூட்டம் பேச வந்தாரு. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல மேட. நான்தான் மைக்ல வரவேத்தேன். அவரு பேசிக்கிட்டு இருக்குறப்போ பொம்பளைங்க பக்கத்துலருந்து இவ எந்திரிச்சா, கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு. “ஐயா, எங்க வீட்டுக்காரர உள்ள வச்சிருக்குற சட்டத்துக்கு இனிமேலும் கைய தூக்குவீங்களா? தூக்க மாட்டேன்னு இந்த எடத்துல சொல்லுங்க.” ஐயா என்னப் பாக்குறாரு. நான் என்ன செய்ய? மைக் எங்கிட்டத்தான் இருந்திச்சு. “புவனேஸ், ஒக்காரு”ன்னேன். மைக்ல சொன்னது மல மேல பட்டுத் திரும்பி வந்திச்சு, ஒக்காரு ஒக்காருன்னு. ஐயா பெரிய மனசு பண்ணி எறங்கி வந்து கொழந்த கன்னத்தத் தட்டினாரு. கொழந்தைக்கு என்ன தெரியும்? எம்பி ஐயா வந்தாச்சுன்னு கையத் தட்டிருச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கூட்டம் நல்லபடியா முடிஞ்சிருச்சு.

இந்தத் தடவ ஐயாவுக்கு நம்பர் பதினொண்ணு. எட்டவிடச் சுளுவு, ரெண்டு கோடுதான். வழக்கம்போல தராசுக்கிட்ட நின்னு கேட்டேன். எல்லாரும் சொன்னாளுக. ஆனா பழைய சிரிப்பு இல்ல. அதக்கூட நான் பெருசா எடுக்கல. எனக்கு ஒண்ணு பாத்துச் சந்தோசமா இருந்திச்சு. கொழுந்து எடுக்குற எடத்துல சாப்பாட்டு நேரத்துல பாக்குறேன், பொம்பளைங்க குச்சிய எடுத்து மண்ணுல என்னமோ எழுதி எழுதி அழிக்கிறாளுக. புவனேஸ் நடுவுல குந்திக்கிட்டு, ஒருத்தி கையப் புடிச்சு எழுதப் பழக்குறா. என்ன கோவம் இருந்தாலும் அப்பன் கட்சிய விட்டுக் குடுக்கல பாத்தியா, நம்பர் சொல்லிக் குடுக்குறான்னு நெனச்சேன். நான் கிட்டப் போனதும் கால் வச்சு அழிச்சுட்டாளுக. வெக்கப்படுறாளுகன்னு நெனச்சேன்.

ஓட்டு எண்ணுற எடத்துக்குக் கட்சி ஏஜென்டா நான்தான் போனேன். பெரிய மேச. அதிகாரி சிங்களவரு, மரியாதையான மனுசன். சந்தேகமான சீட்டுன்னா ஒவ்வொண்ணா எடுத்து எல்லாக் கட்சி ஏஜென்டுக்கும் காட்டுவாரு. தள்ளுறேன், ஆட்சேபன இருக்கான்னு கேப்பாரு. மொதல்ல ஒண்ணு வந்திச்சு. புள்ளடியே இல்ல. கூடைக்கும் இல்ல, எதுக்கும் இல்ல. குறுக்கால தமிழ்ல ரெண்டெழுத்து எழுதியிருக்கு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் மூணு நாலு சேந்தாப்புல. அப்புறம் வந்துக்கிட்டே இருக்கு தம்பி. ஒண்ணுல எழுத்து சாஞ்சு கெடக்கு. ஒண்ணுல கொம்பு பின்னால போயிருச்சு. ஒண்ணு பேப்பர் கிழியுற அளவுக்கு அழுத்தி எழுதினது. பேனாவே புடிச்சிருக்காத கை, பாத்தாலே தெரியுது.

அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கத்துல இருந்த கிளார்க்கக் கூப்புட்டுக் கேட்டாரு. அந்தப் பையன் வாசிச்சான், “லோகு.” அடுத்தது, “லோகு.” அதுக்கடுத்தது, “இதுவும் லோகுதான் சேர்.” அதிகாரி கண்ணாடியத் தூக்கிட்டு எங்களப் பாத்தாரு. “யாரு இந்த லோகு? எந்தக் கட்சி வேட்பாளர்?” எல்லா ஏஜென்டும் சிரிச்சாங்க. எனக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியுமான்னு ஒவ்வொருத்தரா உதட்டப் பிதுக்குறாங்க. எம் பக்கம் திரும்பினாரு.

தெரியாது சேர்னு சொன்னேன்.

வேற என்ன தம்பி சொல்ல? எம் மருமகன், அவசரகாலச் சட்டத்துல உள்ள இருக்கான்னு அந்த மேசையில சொல்ல முடியுமா? சுத்தி பொலிஸ் நிக்குது. அப்புறம் கட்சிக்குல்ல கெட்ட பேரு. “தள்ளுறேன், ஆட்சேபன இருக்கா?”ன்னாரு. இல்லன்னேன். சட்டப்படி அது செல்லாத ஓட்டுதானே? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல. ஒவ்வொரு தடவ சீட்டு வர்றப்பவும் கேட்டாரு, ஒவ்வொரு தடவையும் இல்லன்னு சொன்னேன். கட்டா அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, தனியா ஒரு ஒறைக்குள்ள வச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கத்தாம இருப்பேனா? “எத்தன ஓட்ட வீணாக்கிட்ட! அப்பனோட பேரையே கெடுத்துட்ட!” அவ கொழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. “வீணாப் போகல அப்பா. அங்க இருந்த எல்லாரும் அந்தப் பேர வாசிச்சாங்கல்ல?” வாசிச்சாங்கன்னேன். “யாரு லோகுன்னு கேட்டாங்களா?” கேட்டாங்கன்னேன். அப்பத்தான் நிமிந்து பாத்தா. என்ன சந்தோசம்ங்குறீங்க அந்த மொகத்துல! கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததே இல்ல. “நீங்க என்ன அப்பா சொன்னீங்க?”

“தேத்தண்ணி ஊத்து, தொண்ட காயுது”ன்னேன்.

ஊத்திக் குடுத்தா. அவ்வளவுதான். அன்னையிலருந்து சோறு போடுறா, துணி தொவைக்கிறா, கதைக்கிறதில்ல. வீடுன்னு இருந்தா ஒரு சத்தம் வேணாமா தம்பி? சில நேரம் அடுப்படியில போயி நின்னுக்கிட்டு உப்பு எங்க இருக்குன்னு கேப்பேன், ஒரு வார்த்த பேசுவாளான்னு. கையாலயே காட்டுறா.

ஐயா செயிச்சுட்டாரு, கேக்கணுமா. அத்தன ஓட்டுப் போனபிறகும் செயிச்சுட்டாரு. ஒரு மாசம்தான் எதிர்க்கட்சியில ஒக்காந்திருந்தாரு. நாட்டு நலனக் கருதி அந்தப் பக்கம் போயிட்டாரு. பிரதி அமைச்சர் குடுத்திருக்காங்க. இன்னைக்குக் கொழும்புல ஒரு மண்டபத்துல, பெரிய ஹோல்ல, பாராட்டு விழா. அதுக்குத்தான் பொன்னாடை. எட்டுத் தோட்டம் சார்பா நான்தான் போர்த்துறேன், பெரியண்ணன் கேட்டும் ஐயா என் பேரத்தான் சொன்னாராம். நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? யோசிச்சுப் பாருங்க தம்பி. இவ்வளவு நாளும் எதிர்க்கட்சியில இருக்கேன், என் பேச்ச எவன் கேக்குறான்னு சொன்னாரில்ல? இப்ப அதச் சொல்லேலாது. இப்ப ஆளுங்கட்சி. போர்த்துறப்போ காதுகிட்டக் குனிஞ்சு ஒரு வார்த்த, “ஐயா, லோகு”ன்னு சொன்னாப் போதும். போன வாரமும் சட்டத்த நீட்டிச்சிருக்காங்கதான். அவரும் போட்டிருக்காருதான். மந்திரியா இருந்துக்கிட்டு போடாம இருக்க முடியுமா?

இன்னைக்குத்தான் லோகுவப் பாக்கவும் விடுறாங்க. ரெண்டும் ஒரே நாளாப் போச்சு. பாக்க விடுறத மத்தியானத்தோட முடிச்சுருவாங்க. விழா காலையிலயே. விழாவ முடிச்சுட்டு ஓடி வந்துர்றேன்னு இவகிட்டச் சொன்னேன். போன மாசமும் சங்கக் கூட்டம்னு போக முடியல. அதுக்கு முந்தின மாசமும் என்னமோ ஒண்ணு. லோகு கேட்டானாம், மாமா சொகமா இருக்காரான்னு. பக்கத்து லயத்து ஆளுகிட்ட இவ சொன்னது எங் காதுக்கு வந்திச்சு.

அந்தா, எந்திரிச்சுட்டா. அவ எறங்குற எடம் வந்திருச்சு. இங்கருந்து நடக்கணும், பெரிய மதில் ஒண்ணு இருக்கு, அது ஓரமாவே போகணும். துணிப்பைய எடுத்துட்டா பாருங்க. அதுல அவனுக்குச் சட்ட, பிஸ்கட்டு. இல்ல தம்பி, நான் இங்க எறங்கல. ஹோலுக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்பு போகணும். எறங்கினா இந்தப் பக்கம் வேற பஸ் லேசுல கெடைக்காது. விழாவுல என் பேரக் கூப்புடுறப்போ ஆள் இல்லாட்டி எப்படி இருக்கும்?

கொழந்த என்னப் பாத்துருச்சு. தோளுக்கு மேலால பாக்குது. பாருங்க, பாருங்க, தாத்தாவக் கண்டவொடன கையத் தட்டுது. நான் சொல்லிக் குடுத்தது, மறக்கல. எஞ் செல்லம்!

அவ எதுக்கு அந்தக் கையப் புடிக்கிறா? ரெண்டையும் சேத்து ஒரே கையில பொத்திக்கிட்டா. திரும்பிக்கூடப் பாக்காம எறங்குறா.

சின்னப் புள்ள தம்பி. அதுக்கு என்ன தெரியும். பஸ் எடுத்துட்டான். அந்த பேக்கக் கொஞ்சம் தூக்கி எம் மடியில வையுங்க, பொன்னாடை கசங்கிருச்சான்னு பாக்கணும். இன்னைக்குப் போற எடத்துல தட்டலாம். அங்க யாரும் தடுக்க மாட்டாங்க.